நீ நடக்கிற தூரம்

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்

அன்புள்ள இஸ்திரிக்கு,

ஊசி எழுதிக்கொள்வது. நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நீ நலமாக இருந்தால் இந்நேரம் வெளியூரில் மகன் வீட்டில் படுத்திருக்காமல் என் பக்கத்துக் கடையில் நின்று துணி தேய்த்துக்கொண்டே, “உன் மிஷின் சத்தத்துல என் காதே போச்சுடி” என்று கத்திக்கொண்டிருப்பாய். வாதம் வந்த வலது கை எப்படி இருக்கிறது, பேச்சு எவ்வளவு திரும்பியிருக்கிறது, இந்த இரண்டை மட்டும் மருமகளை எழுதச் சொல்.

மருமகளே, உனக்கும் ஒரு வார்த்தை. இதை நீதான் உன் மாமியாருக்குப் படித்துக் காட்டப் போகிறாய். என் எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும்; துணியில் சாக்பீஸால் கோடு போட்டுப் பழகிய கை. புரியாத இடத்தில் நீயாக எதையாவது சேர்த்துப் படித்துவிடாதே. இது நான் பேசுகிற பேச்சு இல்லை என்று அவள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவாள்.

போனில் பேசலாமே என்று உன் மகன் சொல்கிறான். பேசிப் பார்த்தோமே, என்ன ஆயிற்று? அந்தப் பக்கம் நீ ஒரு வார்த்தையைத் தேடித் தவிக்கிறாய். இந்தப் பக்கம் நான் பத்து வார்த்தையை எடுத்து நீட்டுகிறேன். அதில் ஒன்றுகூட நீ தேடியது இல்லை. கடைசியில் இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டு போனை வைக்கிறோம். கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது. ஒருத்தி பேசிக்கொண்டே இருப்பாள், இன்னொருத்தி கேட்டுக்கொண்டே இருப்பாள். இத்தனை வருஷமாக நாம் அப்படித்தானே காலம் தள்ளினோம்.

உன் கடை பத்திரமாக இருக்கிறது. ஷட்டர் பூட்டு துருப்பிடிக்காமல் எண்ணெய் விடுகிறேன். தினமும் வாசலைப் பெருக்குகிறேன். ரொம்ப உருகிவிடாதே, உன் வாசல் குப்பை நேராக என் கடைக்குள்தான் பறந்து வருகிறது. வெளியே கிடக்கும் பெஞ்சும் அதற்கு மேலே இருக்கும் தகரக் கூரையும் அப்படியே இருக்கின்றன.

இப்போது தெருச் சமாச்சாரம். பத்துப் பதினைந்து நாளாகப் புது ஆள் ஒருவர் நம் தெருவில் சுற்றிக்கொண்டிருந்தார். தலையில் தொப்பி, தோளில் ஒரு பை. ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பார், ஒருநாள் சுகாதார நிலையத்துப் படியில். ஒன்றும் வாங்க மாட்டார், எங்கேயும் போக மாட்டார், போகிற வருகிறவர்களையே பார்த்துக்கொண்டிருப்பார். திருட வந்தவன் நோட்டம் பார்க்கிறான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். மருந்துக் கடைக்காரர் கல்லாவுக்குப் புதுப் பூட்டு வாங்கினார். விசாரித்தால், நகரத் திட்ட அலுவலகத்து அதிகாரியாம்! பஸ் நிறுத்தத்திலிருந்து சுகாதார நிலையம் வரைக்கும் இருக்கிற இந்த ஒரு தெருவில் குடியிருக்கிறவர்கள், வந்துபோகிறவர்கள் எல்லாருக்கும் உடம்பும் மனசும் நன்றாக இருக்கிற மாதிரி ஒரு திட்டம் போட வேண்டுமாம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உடற்பயிற்சி மெஷின்கள் வைப்பது என்று ஆபீசில் ஏற்கனவே எழுதியாகிவிட்டதாம். இவர்தான், “இங்க இருக்கிறவங்களைக் கேக்காம வச்சா அந்த மெஷின்ல துணிதான் காயும்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மனுஷர் தேவலை என்று அப்போதே நினைத்தேன்.

போன சனிக்கிழமை எல்லாரையும் பள்ளிக்கூட ஹாலுக்குக் கூப்பிட்டார். சுவர் முழுக்க நம் தெருவின் படம். உன் கடை, என் கடை, முனையில் இருக்கிற குப்பைத் தொட்டிகூட இருந்தது. ஆளுக்குக் கொஞ்சம் பச்சைப் பொட்டு, கொஞ்சம் சிவப்புப் பொட்டு கொடுத்தார். எந்த இடத்தில் இருந்தால் நமக்கு நன்றாக இருக்கிறதோ அங்கே பச்சை ஒட்ட வேண்டும், எந்த இடம் கஷ்டமோ பயமோ அங்கே சிவப்பு. அன்றைக்கே அவருக்குப் பொட்டுக்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? கையில் இருந்த பச்சை அத்தனையையும் எங்கள் வீட்டில் கட்டில் இருக்கிற மூலையில் ஒட்டினார். ஒரே ஒரு சிவப்பை எடுத்து என் கடைமேல் ஒட்டினார். ஹாலே சிரித்தது. வீட்டுக்கு வந்ததும் அவருக்கு வேறு பொட்டு வைத்தேன், அது கிடக்கட்டும். நான் சிவப்பை எல்லாம் நடுரோட்டில் வரிசையாக ஒட்டினேன். ரோடு அகலமாக வேண்டும், கார் வந்து நின்றால்தானே எனக்கு நல்ல வாடிக்கை வரும் என்று அவரிடம் சொல்லவும் சொன்னேன். சரி சரி என்று கேட்டுக்கொண்டார்.

எல்லாரும் ஒட்டி முடித்ததும் தள்ளி நின்று பார்த்தோம். சிவப்பு முக்கால்வாசி ரோட்டைக் கடக்கிற முனையில். அது எதிர்பார்த்ததுதான். பச்சை பள்ளிக்கூட மைதானத்தில் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. உன் கடைமேல் இருந்தது! பூட்டிக் கிடக்கிற கடைமேல், ஒன்றின்மேல் ஒன்றாக, இடம் போதாமல் என் கடைவரை வழிந்து. சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்று களைத்தவர்கள் உன் பெஞ்சில்தான் உட்கார்கிறார்களாம். நர்ஸம்மா மத்தியானம் அங்கேதான் சாப்பிடுகிறாள். மாசமாக இருக்கிற ஒரு பெண், “அந்த பெஞ்ச் மட்டும் இல்லேன்னா நான் பாதியிலயே வீட்டுக்குத் திரும்பிடுவேன்” என்றாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு இது தெரியவே இல்லை.

பொட்டுக்காரர் அது யாருடைய கடை என்று கேட்டார். என் சிநேகிதியோடது, வெளியூர் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்றேன்.

கை பிடிமானத்துக்குக் கொடுத்த ரப்பர் பந்தை ஜன்னல் வழியாக எறிந்தாயாமே? எறிகிற அளவுக்குக் கையில் பலம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். இடது கையால் எறிந்தாய் என்று பிறகுதான் தெரிந்தது. பந்தைப் பிசை. உனக்குச் சகல சுகமும் கிடைக்கட்டும்.

உன்,
ஊசி


புதன்கிழமை, கடை மூடிய பிறகு

அன்புள்ள இஸ்திரிக்கு,

மருமகளின் பதில் வந்தது. நீ ஒரு நாளைக்கு மூன்று தடவை பந்தைப் பிசைகிறாய், ஒவ்வொரு தடவையும் என்னைத் திட்டுகிறாய் என்று எழுதியிருக்கிறாள். பேச்சு வராமல் எப்படித் திட்டுகிறாய் என்று கேட்டால், முகத்திலேயே தெரிகிறதாம். தெரியாமல் என்ன, அந்த முகத்தை நான் பார்க்காததா.

அதே கடிதத்தின் அடியில் இரண்டு வரி இருந்தது. உன் மகன் கடையை விற்க ஏற்பாடு செய்துவிட்டான், கூல்டிரிங்க்ஸ் பாட்டில் மொத்த வியாபாரி ஒருவர் கிடங்குக்குக் கேட்கிறார் என்று. படித்துவிட்டு அரைமணி நேரம் மிஷினை மிதிக்காமல் உட்கார்ந்திருந்தேன். எதிரே ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தவள், உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், நான் மருந்துக் கடைக்காரரைக் கீழே தள்ளிய கதையைச் சொல்லிவிடுகிறேன். நீ சிரித்தால்தான் எனக்கு எழுத ஓடும்.

பொட்டுக்காரர் எங்கள் பத்துப் பேரைப் பஸ் நிறுத்தத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். சுகாதார நிலையத்திலிருந்து ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்கி வைத்திருந்தார். ஒருவர் உட்கார வேண்டும், ஒருவர் தள்ள வேண்டும், சுகாதார நிலையம் வரை போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். மருந்துக் கடைக்காரர் ராஜா மாதிரி ஏறி உட்கார்ந்துகொண்டார். தள்ளுவதற்கு நான் போனேன். தைக்கிற காலாயிற்றே, பலம் இருக்கிறது என்கிற திமிர்.

அடியே, நாம் தினமும் நடக்கிற தெருவா அது! சாக்கடை மூடிகள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. நடைபாதையில் ஏற இறங்கச் சரிவே கிடையாது. முனையில் ரோட்டைக் கடக்க நின்றோம், நின்றோம், நின்றுகொண்டே இருந்தோம். ஒரு வண்டியும் நிற்கவில்லை. பொறுமை போய் ஒரே மூச்சாகத் தள்ளினேன். முன்சக்கரம் பள்ளத்தில் விழுந்தது. ராஜா பறந்தார். நேராகப் பழவண்டிமேல். அடி ஒன்றும் இல்லை, சட்டையெல்லாம் ஆரஞ்சுச் சாறு. எழுந்து நின்று முதல் வார்த்தையாக என்ன சொன்னார் தெரியுமா? “என் கடைக்கு வர்ற சீக்காளிங்க எல்லாம் இந்த வழியாத்தான் வர்றாங்களா?” என்றார். இத்தனை நாள் வெற்றிலை எச்சில் துப்புவார்கள் என்று கடை முன்னால் யாரையும் உட்காரவிடாத மனுஷர்.

எனக்கு அந்த இடத்தில் வேறு நினைப்பு வந்தது. நாற்காலியில் அவருக்குப் பதிலாக இன்னொருத்தி உட்கார்ந்திருந்தால் என்று. அதற்குமேல் எழுத மாட்டேன். ரோடு அகலமாக வேண்டும் என்று நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டேன். ரோடு அகலமானால் கடக்கிற தூரமும் கூடும் என்பது என் மண்டைக்கு அப்போதுதான் ஏறியது.

இப்போது திட்டம் இப்படி உருவாகியிருக்கிறது. முனையில் வண்டிகள் நின்று போகிற மாதிரி ரோட்டை மேடாக்கி, ஆட்கள் கடக்க ஒரு வழி. பஸ் நிறுத்தத்திலிருந்து சுகாதார நிலையம் வரை பள்ளம் மேடு இல்லாத நடைபாதை, நிழல், இடையிடையே உட்கார இருக்கை. நடுவில், உன் கடை இருக்கிற இடத்தில், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரக்கூடிய பொது அறை ஒன்று. நர்ஸம்மா வாரத்தில் ஒருநாள் அங்கேயே வந்து ரத்த அழுத்தம் பார்ப்பாள். கடையை வாங்க மாட்டார்கள், வாடகைக்கு எடுப்பார்கள். கடை உன்னுடையதாகவே இருக்கும்.

இதெல்லாம் கடை பாட்டில் கிடங்கு ஆகாமல் இருந்தால்தான்.

மருமகளே, இந்தக் கடிதத்தை உன் புருஷன் வீட்டில் இருக்கும்போது படி. அவன் கெட்டவன் இல்லை. பூட்டிக் கிடக்கிற கடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவன் நினைப்பது நியாயம்தான். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல். நான் ஒன்றும் சண்டை போட மாட்டேன். போட்டாலும் சாப்பாடு போட்டுவிட்டுத்தான் போடுவேன்.

இஸ்திரி, உனக்கு என்ன தோன்றுகிறது என்று நீயே சொல். யோசித்துச் சொல், அவசரமில்லை. நீ தெம்பாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே கவலை.

உன்,
ஊசி


வெள்ளிக்கிழமை, காலை

அன்புள்ள இஸ்திரிக்கு,

நேற்று நடந்தது உனக்குத் தெரியும். நீயும் இருந்தாயே, போனின் அந்தப் பக்கத்தில். ஆனால் இந்தப் பக்கம் என்ன கூத்து என்பது உனக்குத் தெரியாது. அதற்கு முன்னால் உன் மகன் வந்துபோன கதையையும் சொல்ல வேண்டும். அவன் பாதியைத்தான் சொல்லியிருப்பான்.

போன வாரம் திங்கட்கிழமை வந்தான். சாப்பிட்டான். சாப்பிட்ட பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “சித்தி, நீங்க எழுதறதைக் கேட்டதிலேருந்து அம்மா எப்பப் பாத்தாலும் வாசலையே பாத்துட்டு இருக்காங்க. இனிமே அவங்களால நின்னு தேய்க்க முடியாது. டாக்டர் தெளிவா சொல்லிட்டார். ஆசை காட்டாதீங்க.”

இதை உன்னிடம் நான் மறைக்கப் போவதில்லை. உனக்கு முடியாமல் போனது கைதான், புத்தி நன்றாகத்தான் இருக்கிறது. நீ இனி அந்த இஸ்திரிப் பெட்டியைத் தூக்கப் போவதில்லை என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். ஒருத்திக்கொருத்தி தெரியாத மாதிரி நடித்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதானே?

உன் மகனின் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டேன், “தேய்க்கிறதுக்குத்தான் வரணுமாப்பா? சும்மா உக்காந்துட்டுப் போக வரக்கூடாதா?” என்று. எழுந்து போய் உன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான்.

சாயங்காலம் பாட்டில் வியாபாரி அளவெடுக்கும் டேப்போடு வந்தார். எத்தனை பெட்டி அடுக்கலாம் என்று பார்க்க வேண்டுமாம். பெஞ்சின் இன்னொரு முனையில் ஒருத்தி காய்ச்சல்காரக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊசி போட்டுக்கொண்டு வந்திருக்கிறது, அப்போதுதான் கண் அசந்திருக்கிறது. வியாபாரி, கொஞ்சம் எந்திரிம்மா, பெஞ்சை நகர்த்தணும் என்றார். உன் மகன் டக்கென்று, “அவங்க உக்காரட்டும். குழந்தை தூங்குது” என்றான். வியாபாரி டேப்பைச் சுருட்டிக்கொண்டார். நாளைக்கு வருகிறேன் என்று போனார். அவர் நல்ல மனுஷர்தான், பிறகு வேறு தெருவில் இடம் பிடித்துவிட்டார்.

ராத்திரி பஸ் ஏறும்போது உன் மகன் சொன்னான். “அம்மாகிட்டயே கேக்கலாம் சித்தி. அவங்க சொத்து. நான்தான் அவங்களுக்குப் பதிலா முடிவெடுத்துட்டு இருக்கேன்.” அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். உன் கை மாதிரியே இருக்கிறது, கட்டை விரல் குட்டையாக.

சரி, ஆபீஸ் கூத்துக்கு வருகிறேன். வாடகைக்குச் சம்மதம் என்று நீ இடது கையால் போட்டு அனுப்பிய கையெழுத்தைக் கடைப் பத்திரத்தில் இருந்த பழைய கையெழுத்தோடு பக்கத்தில் வைத்தால், முயல் பக்கத்தில் முதலை மாதிரி இருந்தது. பொட்டுக்காரருக்கு மேலே ஒரு பெரிய அதிகாரியம்மா. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். தப்பாக ஒன்றும் பேசவில்லை. “நாளைக்கு யாராவது, இவங்களை ஏமாத்திக் கையெழுத்து வாங்கிட்டாங்கன்னு கேஸ் போட்டா? அந்தம்மா வாயால ஒரு வார்த்தை கேட்டாப் போதும்” என்றார்.

உலகத்தில் எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். வாயால் ஒரு வார்த்தை!

உன் மகனுக்குப் போன் போட்டு மேஜைமேல் வைத்தார்கள். சத்தம் வெளியே கேட்கிற மாதிரி. சுற்றிலும் பொட்டுக்காரர், மருந்துக் கடைக்காரர், நர்ஸம்மா, நான், டீ கொண்டுவந்தவர்கூட நின்றுவிட்டார். அதிகாரியம்மா பொறுமையாகத்தான் கேட்டார். “அம்மா, உங்க கடையைப் பொது அறையா வாடகைக்குக் குடுக்க உங்களுக்குச் சம்மதமா? மெதுவா சொல்லுங்க.”

உன் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை. அந்த அறையில் மின்விசிறி அப்படிச் சத்தம் போடும் என்று அதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. நீ வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரிகிறது. எங்கே போனை வைத்துவிட்டு அழப் போகிறாயோ என்று என் உயிர் என்னிடம் இல்லை. தாங்க முடியாமல் நான் குறுக்கே புகுந்தேன். “அவளுக்குச் சம்மதம்தாங்க மேடம், எனக்குத் தெரியும், அவ மனசு எனக்கு...”

“நீ... சும்மா... இரு.”

தெளிவாக! மூன்று வார்த்தை! ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, பட்டன் தைத்த மாதிரி! அதிகாரியம்மாவின் கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு விழுந்தது. மருந்துக் கடைக்காரர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், “சம்... மதம்” என்று சொல்லிவிட்டாய். அதிகாரியம்மா, “இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்” என்று முத்திரையை எடுத்துக் குத்தினார்.

என்னை வாயை மூடச் சொன்னவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். இத்தனை சந்தோஷமாக நான் மூடியது இதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். எல்லாரும் கேட்டார்களா என்றார். எல்லாரும் கேட்டார்கள் என்றேன். “அவங்க சொன்னா நீ கேக்கறே, நான் சொன்னா?” என்று குறைப்பட்டுக்கொண்டார்.

பந்தை விடாதே. பேச்சையும் விடாதே. என்னைத் திட்டுவதற்கு வார்த்தை வருகிறது என்றால் அதிலிருந்தே ஆரம்பித்துக்கொள், எனக்குச் சம்மதம்.

உன்,
ஊசி


ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததும்

அன்புள்ள இஸ்திரிக்கு,

நூல் வந்து சேர்ந்து சில மாதம் ஆகிறது; வேலை முடியட்டும், எழுதலாம் என்று இருந்தேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீ குழம்பியிருப்பாய், மருமகள் எதற்கு உன் பின்னாலேயே நூல்கண்டோடு வருகிறாள் என்று. நான்தான் கேட்டிருந்தேன். நடைபாதை வேலை ஆரம்பித்ததும் இருக்கைகளை எங்கெங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. ஆபீஸ் புத்தகத்தில் ஒரு கணக்கு இருக்கிறது, இத்தனை தூரத்துக்கு ஒன்று என்று. பொட்டுக்காரர் அதை மூடி வைத்துவிட்டு எங்களைப் பார்த்துச் சொன்னார். “நல்லா நடக்கிறவங்களுக்கு இருக்கை எங்க இருந்தாலும் ஒண்ணுதான். ரொம்பக் கம்மியா நடக்கிறவங்க யார் யார்னு பாத்து, உக்காராம அவங்க எவ்வளவு தூரம் போவாங்கன்னு அளந்துட்டு வாங்க.”

எனக்குச் சொல்லவா வேண்டும்? அளவு எடுக்காமல் நான் ஒரு கைக்குட்டைகூடத் தைத்தது கிடையாது. தெருவில் இருக்கிற மூட்டுவலிக்காரர்கள், மூச்சிரைப்புக்காரர்கள், மாசமாக இருக்கிறவர்கள் எல்லாரையும் நடக்கவிட்டு நூலால் அளந்தேன். மருந்துக் கடைக்காரரும் வந்து நின்றார். பழவண்டியில் விழுந்ததிலிருந்து இடுப்பு சரியில்லையாம், அவரையும் அளக்க வேண்டுமாம். அளந்தேன். என்னைவிட வேகமாக நடந்தார்.

அப்புறம் மருமகளுக்கு எழுதினேன். உன் கட்டிலிலிருந்து யாரும் பிடிக்காமல், குச்சியை ஊன்றிக்கொண்டு, நீ உட்கார வேண்டும் என்று தோன்றுகிறவரை நடக்கவிட்டு, அந்தத் தூரத்துக்கு நூலை அறுத்து அனுப்பு என்று. அனுப்பிவிட்டாள். உன் அறையிலிருந்து வாசல் கேட் வரை வந்தாயாம், கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாயாம். முன்பெல்லாம் கதவு வரைக்கும்தானே வந்தாய்! மருமகளே, நீ நன்றாக இருப்பாய்.

எல்லா நூலையும் ஹாலில் நீளவாக்கில் விரித்துப் போட்டோம். உன்னுடையதுதான் எல்லாவற்றிலும் சின்னது. ஆக, நீ ஜெயித்துவிட்டாய்.

பெரிய அதிகாரியம்மா கேட்டார், இவ்வளவு கிட்டக் கிட்ட எதற்கு, இருக்கை கூடுதலாக வாங்க வேண்டியிருக்குமே, எந்தக் கணக்கில் இந்த அளவு என்று. பொட்டுக்காரர், “மேடம், இது ஒரு ஆளோட அளவு. அவங்களுக்குச் சரியா இருந்தா இந்தத் தெருவுல எல்லாருக்கும் சரியா இருக்கும்” என்றார். அது உன் நூல் என்று அவர் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். நான் சொல்லாமல் இருப்பேனா? அதிகாரியம்மா யோசித்துவிட்டு, “யாரு, சும்மா இருன்னு சொன்னாங்களே அவங்களா?” என்று கேட்டார். அவர்களேதான் என்றேன். சிரித்துவிட்டார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வரவேண்டிய மெஷினில் இரண்டைக் குறைத்துக்கொண்டு இருக்கைகளைக் கூட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

அப்புறம் நானும் பொட்டுக்காரரும் உன் நூலைப் பஸ் நிறுத்தத்தில் ஒரு முனை பிடித்து வைத்து, தெரு நெடுக அளந்துகொண்டே வந்தோம். நூல் முடிகிற இடத்திலெல்லாம் என் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டேன். இப்போது அந்தக் குறிகளில் எல்லாம் இருக்கை வந்துவிட்டது. சாய்ந்துகொள்ள முதுகு இருக்கிறது, எழுந்திருக்கும்போது ஊன்றிக்கொள்ள இரண்டு பக்கமும் கைப்பிடி இருக்கிறது. முதல் இருக்கைக்கு மரநிழல். அடுத்தது மருந்துக் கடை வாசலில். அவரே காலையில் துடைத்து வைக்கிறார், யாராவது வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்தால் மட்டும் கண்ணை உருட்டுகிறார். முனையில் ரோடு மேடாகிவிட்டது, பஸ்கூட நின்று தலையாட்டிவிட்டுப் போகிறது. பிஞ்சுக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாம் இப்போது பாதியில் திரும்புவதில்லை என்று நர்ஸம்மா சொல்கிறாள். மாசமாக இருந்த அந்தப் பெண்ணுக்குப் பையன் பிறந்திருக்கிறான். எல்லா இருக்கையிலும் ஒரு தடவை அவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

உன் கடைக்கு உள்ளே வெள்ளை அடித்தாயிற்று. துணி தேய்க்கிற மேஜையை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நர்ஸம்மா அதில்தான் கருவியை வைத்து ரத்த அழுத்தம் பார்க்கப் போகிறாள். வருகிறவர்களோடு யாராவது ஒருத்தி உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தால் நன்றாக இருக்கும் என்று பொட்டுக்காரர் சொல்கிறார். காத்திருக்கிறவர்களுக்குப் பயம் தெரியாதாம். நான் இருக்கிறேனே என்றேன். நீங்கள் பேசுவீர்கள், கேட்பதற்கு ஒருவர் வேண்டும் என்றார். பார்த்தாயா, பொட்டுக்காரருக்கும் வாய் வந்துவிட்டது. அந்த வேலைக்கு எனக்கு ஓர் ஆளைத் தெரியும் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் அறையைத் திறக்கிறார்கள். டாக்டர் உன்னைப் பஸ்ஸில் கூட்டிப்போகலாம் என்று சொல்லிவிட்டதாக உன் மகன் எழுதியிருக்கிறான். வந்துவிட்டு உடனே திரும்ப வேண்டுமா, கொஞ்ச நாள் இருக்கலாமா, அதெல்லாம் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் அந்தக் கட்டில் இருக்கிற மூலை இருக்கிறதே, பச்சைப் பொட்டு மூலை, அதை உனக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விடுவதாக என் வீட்டுக்காரர் தானாகவே சொல்லிவிட்டார். நான் கேட்கவே இல்லை.

பஸ் நிறுத்தத்தில் நான் நிற்பேன். ஆனால் உன்னைப் பிடிக்க மாட்டேன். கை கொடுக்கவும் மாட்டேன். பக்கத்தில் நடந்து வருவேன். நீ உட்கார்ந்தால் நானும் உட்காருவேன். நீ எழுந்தால் நானும் எழுந்துகொள்வேன். அன்றைக்கு நான் வாயைத் திறக்காமல் வருகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறேன், நீ பேச வேண்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும், கடையை அன்றைக்கு மூடிவிடுவேன்.

நீ நன்றாக இருப்பாய். உட்கார்ந்து உட்கார்ந்து, மெதுவாக வந்து சேர்.

உன்,
ஊசி